நகலெடுக்கப்பட்ட பெட்டி

நேயர்களுக்கு வணக்கம். கம்ப்யூட்டர் விலை ஏன் இறங்கியது என்று யாரைக் கேட்டாலும், சிப் மலிவாகிவிட்டது என்பார்கள். சரிதான். 1975-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மின்னணுக் கண்காட்சியில், மற்றவர்கள் நூறு டாலருக்கு மேல் விற்றுவந்த, கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் சிப்பை, 6502 என்று பெயரிட்டு 25 டாலருக்குக் கொடுத்தது எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற கம்பெனி. கண்காட்சி அரங்கில் விற்கக் கூடாது என்று தடை. பக்கத்து ஓட்டல் அறையில் கண்ணாடி ஜாடி நிறையச் சிப்புகளை வைத்து விற்றார்கள். ஜாடியின் அடியில் கிடந்தவை வேலை செய்யாதவை என்பது பிறகு தெரிந்த கதை! ஸ்டீவ் வாஸ்னியாக் முதல் ஆப்பிள் கம்ப்யூட்டரை உருவாக்கியது இந்தச் சிப்பை வைத்துத்தான்.

1980-இல் பிரிட்டனில் கிளைவ் சிங்க்ளேரின் இசட்எக்ஸ்80 கம்ப்யூட்டர் நூறு பவுண்டுக்குள் வந்தது. தனித் திரை கிடையாது, வீட்டு டிவிதான் திரை. நிரல்களைச் சேமிக்க கேசட் டேப்.

ஆனால் ஒரு சிக்கல். ஆப்பிளுக்கு எழுதிய நிரல் கமடோர் என்ற இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஓடாது, கமடோருக்கு எழுதியது சிங்க்ளேரில் ஓடாது. ஒரு பெட்டியை வாங்கிவிட்டால் அந்தக் கம்பெனியோடுதான் காலம் தள்ள வேண்டும். இதை மாற்றியது, சொன்னால் சிரிப்பீர்கள், பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியான ஐபிஎம்மின் அவசரம்.

ஒரே வருடத்தில் பெர்சனல் கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஐபிஎம் தலைமை கெடு வைத்தது. எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்து பழகிய கம்பெனி, நேரம் இல்லாததால் கடைச்சரக்கை வாங்கிப் பூட்டியது. பிராசஸர் இன்டெல்லுடையது. இயங்குதளம் மைக்ரோசாஃப்டுடையது, அதை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1981 ஆகஸ்டில் 1,565 டாலருக்கு ஐபிஎம் பிசி வந்தது. டிஸ்க் டிரைவும் திரையும் அந்த விலையில் சேராது.

ஐபிஎம்முக்கே சொந்தமென்று இருந்தது பயாஸ். இயந்திரத்தை எழுப்பி, விசைப்பலகையோடும் திரையோடும் பேசவைக்கும் சின்ன நிரல். அதன் முழு வரிகளையும் கையேட்டில் அச்சிட்டே கொடுத்தார்கள். படிக்கலாம், ஆனால் காப்பியடித்தால் வழக்கு. இது தாராளமா தந்திரமா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

ஐபிஎம் பிசியின் நிரல்களே ஓடும் பெட்டியைச் செய்ய, காம்பேக் என்ற புதுக் கம்பெனி ஒரு வழி கண்டது. ஒரு குழு அந்த நிரலைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதியது. எப்படிச் செய்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. ஐபிஎம் நிரலைக் கண்ணால்கூடப் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. பதிப்புரிமை எழுத்துக்குத்தானே, வேலைக்கு இல்லையே! 1983-இல் காம்பேக்கின் பெட்டி கடைக்கு வந்தது. அப்புறம் ஃபீனிக்ஸ் என்ற கம்பெனி இதேபோல் எழுதிய பயாஸை, 1984 முதல் கேட்டவர்களுக்கெல்லாம் விற்றது. அதோடு, பாகங்களை வாங்கிச் சேர்க்கத் தெரிந்த எவரும் பிசி தயாரிக்கலாம் என்றானது. எல்லாருடைய பெட்டியிலும் ஒரே நிரல் ஓடும்போது விலையைக் குறைத்துத்தானே போட்டி போட முடியும்?

1987-இல் ஐபிஎம் பிஎஸ்/2 என்ற புது பிசியைக் கொண்டுவந்து, அதில் கூடுதல் அட்டைகளைச் செருகும் புது இணைப்பு முறைக்கு உரிமக் கட்டணம் கேட்டது. காம்பேக்கும் வேறு எட்டுக் கம்பெனிகளும் சேர்ந்து மாற்று முறையை அறிவித்தார்கள். 2005-இல் ஐபிஎம் தன் பிசி தொழிலை லெனோவோவிடம் விற்றுவிட்டு வெளியேறியது.