எஸ்டிமேட் கோப்பில், ஷூ மேசையில்

நடுவர் அவர்களே, பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பெரியோர்களே, வணக்கம். கல்லூரி விளையாட்டுக்காக வாதாடும்போது ஆளை மசிய வைப்பது கணக்கா, கதையா என்பது தலைப்பு. கதைதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அமெரிக்காவை இழுத்தார். அங்கே கல்லூரிக் கூடைப்பந்தை ஒளிபரப்ப 2010-இல் போட்ட ஒப்பந்தம், 14 ஆண்டுக்கு 1,080 கோடி டாலர். ஆடுகிற பையனுக்கு அப்போது சம்பளம் இல்லை. இதைவிட என்ன வேண்டும் என்றார். நல்ல எண்தான் ஐயா. அந்த எண்ணால் எந்தப் பையன் தட்டில் ஒரு கரண்டி கூடியது? 2014 ஏப்ரலில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணி கோப்பையை வென்ற சமயம், அதன் வீரர் ஷபாஸ் நேப்பியர் சில ராத்திரி பசியோடு படுக்கிறேன் என்றார். வீரர்களின் சாப்பாட்டுக்கு இருந்த வரம்பை எடுக்க அதே மாதம் ஒப்புதல் வந்தது. அது முன்பே பேச்சில் இருந்தது என்பார் தலைவர். இருந்தது. பேச்சில் இருந்ததை இலைக்குக் கொண்டுவந்தது எது?

அப்புறம் நம்ம உஷா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ், 400 மீட்டர் தடையோட்டம், நூறில் ஒரு நொடியில் வெண்கலம் போனது, அது எண் இல்லையா என்று கேட்டார். சரி, உஷா எத்தனை நொடியில் ஓடினார்? யாராவது சொல்லுங்கள். பார்த்தீர்களா, சத்தமே இல்லை. 55.42. தலைவரே இப்போதுதான் எழுதிக்கொள்கிறார்! டீக்கடையில் இன்னமும் பேசுவது, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போனதை.

நான் பி.டி. மாஸ்டராக இருந்தவன். ஒரு கல்லூரியில் ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கு ஸ்பைக் ஷூ கேட்டு இரண்டு வருஷம் எஸ்டிமேட் கொடுத்தேன். கோப்பில் போட்டு வைத்தார்கள். மூன்றாம் வருஷம் கமிட்டி கூடியபோது, பெருவிரல் வெளியே தெரிகிற ஒரு பழைய ஷூவை எடுத்து மேசையில் வைத்தேன். நாற்றம் வேறு. "எந்தா மாஷே இது?" என்றார் தலைமையில் இருந்தவர். "நம்ம பிள்ளை மாவட்டப் போட்டியில் போட்டு ஓடினது சார்" என்றேன். முதலில் அதை எடுக்கச் சொன்னார். எடுப்பதற்குள், அந்த எஸ்டிமேட் எங்கே என்று கேட்டார். கணக்குக்கு அப்போதுதான் வேலை வந்தது.

எதிரணித் தலைவர் ஆல்ஸ்டன் வழக்கைத் துருப்புச்சீட்டாக இறக்கினார். அங்கே கல்லூரி வீரர்களுக்குத் தரும் படிப்பு உதவிக்கு வரம்பு வைத்ததை எதிர்த்த வழக்கு அது. 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் வீரர்கள் பக்கம் நின்றார்கள். சந்தைக் கணக்கு ஜெயித்த இடம்தான், ஒப்புக்கொள்கிறேன். கட்டுக் கட்டாகப் படிப்பது நீதிபதிகளின் வேலை. இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

மணி அடிக்கிறீர்கள், ஒரே நிமிஷம். கணக்குக்காகப் பேச வந்த தலைவர் எதில் தொடங்கினார்? பக்கத்துச் சித்தூரில் விடியற்காலை பால் ஊற்றிவிட்டு, அதே சைக்கிளில் கல்லூரி மைதானத்துக்கு ஓட்டம் பழகப் போன பையனில். முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பால் லிட்டர் என்ன விலை என்று அவர் சொல்லவும் இல்லை, நாம் கேட்கவும் இல்லை.