சத்தம் போடாத வால்வு

நேயர்களுக்கு வணக்கம்.

புது ஸ்கூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வண்டி ஓடி ஆயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை. அதற்குள் டேப்பட் பார்க்க வேண்டுமா? சத்தம் எதுவும் வரவில்லையே!" இரண்டு சக்கர வண்டிகளைப் பழுது பார்த்தும், இளைஞர்களுக்கு அந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்தும் காலத்தைக் கழித்தவன் நான். டேப்பட் பார்ப்பது என்றால் எஞ்சின் வால்வுக்கு மேலே விடும் சிறு இடைவெளியை அளந்து பார்ப்பது. அந்தக் கேள்விக்கு என் பதில், பார்த்தே ஆக வேண்டும் என்பதுதான். சத்தம் வரவில்லை என்று நீங்கள் சொல்லும்போது எனக்குக் கவலை கூடத்தான் செய்கிறது.

எங்கள் தலைமுறை ஓட்டிய பஜாஜ் சேத்தக், கைனெடிக் ஹோண்டா போன்ற வண்டிகள் டூ ஸ்ட்ரோக். அவற்றின் எஞ்சின் தலையில் திறந்து மூடும் வால்வு கிடையாது. புகை அடைத்தால் கரி எடுப்போம், பிளக்கைத் தேய்ப்போம், அவ்வளவுதான். ஆக்டிவா வந்த பிறகு ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்கள் தெருவெல்லாம் நிறைந்துவிட்டன. வண்டி மாறிவிட்டது, நம் பழக்கம் மாறவில்லை. ஆயிலை மாற்றி, கழுவித் துடைத்துக் கொடுத்தால் சர்வீஸ் முடிந்தது என்று இன்றும் நினைக்கிறோம்.

இன்று நாம் ஓட்டும் 110 சிசி, 125 சிசி ஸ்கூட்டர்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று பெட்ரோலும் காற்றும் உள்ளே வருவதற்கு, மற்றொன்று எரிந்த புகை வெளியே போவதற்கு. கேம் ஷாஃப்ட் என்னும் தண்டு சுழலும்போது ராக்கர் ஆர்ம் என்னும் சிறு நெம்புகோல் சாய்ந்து வால்வை அழுத்தித் திறக்கிறது. ஸ்பிரிங் அதை இழுத்து மூடுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூடுகிறது. நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் சில நூறு முறை.

ராக்கரின் நுனியில் ஒரு திருகு இருக்கிறது. அந்தத் திருகுக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும். பல ஸ்கூட்டர்களில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். நாம் எழுதும் ஏ4 தாள் ஒன்றின் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடேறும்போது வால்வும் விரிகிறது, ஹெட் என்னும் எஞ்சின் தலையும் விரிகிறது. இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ளத்தான் இந்தத் தாள் அளவு இடம். இதைச் சரிபார்த்து வைப்பதைத்தான் பட்டறையில் டேப்பட் செட்டிங் என்கிறோம்.

இடைவெளி கூடினால் திருகு வால்வுத் தண்டின் முனையில் போய் மோதும். டிக் டிக் என்று ஓசை கேட்கும், வால்வு முழுதாகத் திறக்காது, இழுவை சற்றுக் குறையும். வண்டி தானே வாய் திறந்து சொல்லிவிடுகிற கோளாறு இது. இடைவெளி குறைந்தால் நடப்பதுதான் என்னை உறுத்துகிறது. அப்போது ஓசை அடங்கிவிடும். எஞ்சின் பட்டுப்போல ஓடுகிறது என்று நாமும் மகிழ்ந்துபோவோம்.

புகை வெளியேறும் வால்வு பல நூறு டிகிரி சூட்டில் வேலை செய்கிறது. ஊர் எல்லைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தலைச்சுமையோடு நடந்து வருபவர் அதை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற இடம். வால்வுக்குச் சுமைதாங்கி, அது மூடும்போது அமர்கிற வளையம். அதை சீட் என்போம். அங்கே அழுந்த உட்காரும் நேரத்தில்தான் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை ஹெட்டுக்கு இறக்கி விடுகிறது. இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக உட்காராது. சூட்டை இறக்க வழியில்லை. போதாததற்கு, மூடாத அந்தச் சந்து வழியாக எரியும் வாயு பீறிட்டுக்கொண்டு போகும். நாளடைவில் வால்வின் விளிம்பு கருகி அரித்துவிடும். பிறகு ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான்.

புது எஞ்சினில் இந்த அபாயம் ஏன் முன்கூட்டியே வருகிறது? புது வால்வும் புது சீட்டும் ஒன்றோடொன்று தட்டித் தட்டிப் பழகிப் பொருந்துகின்றன. அப்படிப் பொருந்தும்போது வால்வு மயிரிழை அளவு உள்ளே அமர்கிறது, அதன் தண்டு அதே அளவு ராக்கரை நெருங்கி வருகிறது. இந்த மாற்றம் பெரும்பாலும் முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் நடக்கும். அதனால்தான் பல ஸ்கூட்டர்களின் கையேட்டில், 500 முதல் 1000 கிலோமீட்டருக்குள் வரும் முதல் சர்வீஸிலேயே வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டையில் இருக்கும் என் அக்கா மகள் பள்ளி ஆசிரியை. சேரன்மகாதேவிப் பக்கம் பள்ளிக்கூடம். போக வர நாளுக்கு 40 கிலோமீட்டர். ஒரு மாதத்திலேயே ஆயிரம் தாண்டிவிட்டது. சர்வீஸ் அட்டையில் வால்வு என்ற வரிக்கு நேரே 'சரிபார்க்கப்பட்டது' என்று குறியும் போட்டிருந்தார்கள். ஒன்பதாவது மாதம் என்னிடம் வந்தாள். "காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது மாமா. சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. மற்றபடி சத்தமே இல்லை, நன்றாகத்தான் ஓடுகிறது."

வண்டியை இரவு முழுக்க என் வீட்டிலேயே நிறுத்தச் சொன்னேன். விடிந்ததும் நாம் உட்காரும் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியைக் கழற்றினேன். டேப்பட் மூடியின் போல்ட்டுகளில் தொழிற்சாலையில் இட்ட பெயின்ட் கோடு கலையாமல் அப்படியே இருந்தது. அதன்மேல் ஒன்பது மாதச் செம்மண் தூசி படிந்திருந்தது. ஸ்பானர் பட்ட அடையாளமே இல்லை. அட்டையில் குறி போட்டவர் இந்த மூடியைத் திறக்கவே இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இன்றும் தீரவில்லை.

பிளக்கைக் கழற்றிவிட்டு மேக்னெட் என்னும் சக்கரத்தைக் கையால் சுழற்றி, 'டி' என்ற குறியை அதன் எதிர்க்குறிக்கு நேரே கொண்டுவந்தேன். கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கில், அதாவது எஞ்சின் வாயுவை அழுத்தும் சுற்றில், இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலை அது. கையேடு சொன்ன இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே வரும் பக்கம், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு லேசாக உரசிக்கொண்டு போயிற்று, அது சரி. புகை போகும் பக்கம் 0.05 மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. முனையிலேயே முட்டி வளைந்தது. லாக் நட்டைத் தளர்த்தி, திருகைச் சிறிது திருப்பி, தகடு உரசலோடு நழுவும் அளவுக்கு வைத்து இறுக்கினேன். இறுக்கும்போது திருகும் கூடவே நகர்ந்துவிடும். ஆகவே மறுபடி அளந்தேன், மறுபடி சரிசெய்தேன். மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டேன். நல்லவேளையாக வால்வு இன்னும் கருகவில்லை. பொத்தானை அழுத்தியதும் வண்டி உயிர் பெற்றது.

அவள் முகத்தில் அப்போதுதான் கவலை வந்தது. "மாமா, இப்போது மெல்லிசாகச் சத்தம் வருகிறதே?" "வரட்டுமம்மா. அந்த இடைவெளி இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்" என்றேன்.

காதை வைத்து முடிவு செய்வதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது முதல் ஸ்கூட்டர்களில் கார்புரேட்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இருக்கிறது. அதுவே டிக் டிக் என்றுதான் ஒலிக்கும். கேம் ஷாஃப்டைச் சுழற்றும் செயின் தளர்ந்தாலும் மேலிருந்து ஓசை வரும், பின்சக்கரத்தை ஓட்டும் பெல்ட் பெட்டிக்குள் வேரியேட்டர் ரோலர் தேய்ந்தாலும் கடகடக்கும். இவற்றையெல்லாம் டேப்பட் சத்தம் என்று எண்ணி, அது அடங்கும்வரை இடைவெளியை இறுக்கிக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. வால்வு கருகுவதற்கு அதைவிடக் குறுக்குவழி வேறில்லை.

ஆகையால் கிலோமீட்டரைப் பாருங்கள், கையேட்டைப் பாருங்கள். முதல் சர்வீஸில் இடைவெளி எவ்வளவு இருந்தது, எவ்வளவு வைத்துக் கொடுத்தார்கள் என்பதை எண்ணாகக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். 'சரி' என்ற சொல்லோடு திருப்தி அடையாதீர்கள். கையேடு சொல்லும் அடுத்த தவணையில் மறுபடி அளந்து பக்கத்தில் எழுதுங்கள். முன்பு வைத்த எண்ணைவிடக் குறைந்து வந்தால் வால்வு இன்னும் அமர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதற்கடுத்த தவணையை ஒருநாளும் தவறவிடக் கூடாது. அடுத்தடுத்து இருமுறை வைத்த எண்ணே மாறாமல் வந்தால் எஞ்சின் பழகிவிட்டது. கையேட்டின் தவணை போதும். தவணைக்கு முன்பே காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தாலோ, ஐட்லிங்கில் அணைந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதீர்கள். கையேட்டில் இருக்கும் அளவு ஆறிய எஞ்சினுக்கானது. காலையில் பத்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தி, அரை மணி நேரத்தில் டேப்பட் பார்த்துத் தருகிறேன் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முந்தின நாள் மாலையே வண்டியை விட்டுவிடுங்கள். மறுநாள் காலை எஞ்சினை இயக்கும் முன்பே அளக்கச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த நேரத்துக்கு நீங்களும் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

வணக்கம்.