வாடகை கொடுத்தபிறகு கையில் என்ன மிஞ்சுகிறது? மட்டக்களப்பு வீட்டுக் கணக்கு

வணக்கம் உறவுகளே. கல்லடியில் நின்று பேசுகிறேன். பாலத்துப் பக்கம் காற்று கூட. சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு வாடகையைப் பற்றிப் பேசவேண்டும். கொஞ்ச நாளாக யாரைச் சந்தித்தாலும் பேச்சு இதில்தான் வந்து நிற்கிறது. "வீட்டுக்காரர் கூட்டிக் கேட்கிறார்." ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தாதி சொல்கிறார், இடமாற்றத்தில் வந்த ஆசிரியர் சொல்கிறார், மேசனுக்குக் கையாளாகப் போகிற அண்ணனும் சொல்கிறார். வசனம் ஒன்றுதான். ஆனால் அது ஒவ்வொரு வீட்டிலும் போய் விழுகிற இடம் வேறு. அதைத்தான் இன்றைக்குப் பார்க்கப்போகிறோம்.

முதலில் நம்முடைய ஊர்ப் பழக்கத்தைச் சொல்லாமல் இது விளங்காது. இங்கே பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பதுதான் வழக்கம். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். இருக்கிற வீட்டை மூத்தவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு தாயும் தகப்பனும் ஒதுங்குவதை எத்தனை குடும்பத்தில் பார்த்திருக்கிறோம். அதனால் ஒரு காலத்தில் வாடகைக்கு இருப்பவர் என்றால் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, மாற்றலாகி வந்தவர், வங்கிக்காரர், வெளியூர் ஆசிரியர் என்று நாலு பேர்தான். 2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் வந்து, வீடுகளை அலுவலகத்துக்கும் ஆட்கள் தங்குவதற்கும் எடுத்தபோதுதான் வாடகை என்பது பெரிய வருமானம் என்று பலர் கண்டுகொண்டார்கள்.

இப்போது வாடகைக்கு இருப்பவர்கள் வேறு ஆட்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் சொந்த வீடும் வயலும் இருந்தும், பிள்ளையைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க அரசடியிலோ ஊறணியிலோ இரண்டு அறை எடுத்திருக்கிற குடும்பங்கள். கடைசி மகளுக்குக் கொடுக்கக் காணியில்லாமல் போன குடும்பங்கள். வந்தாறுமூலைப் பக்கம் போனால் கிழக்குப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் போர்டிங் தேடுகிறார்கள். இன்னொரு கூட்டம் இருக்கிறது, எனக்கு மிகவும் கவலை தருவது அதுதான்: அத்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, கூரை போடமுடியாமல் நிற்கிறவர்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்து, கம்பி, ஓடு எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போனது. பாதி கட்டிய வீட்டில் புல் முளைக்க, அவர்கள் இன்னும் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"இப்போது விலைவாசி அடங்கிவிட்டதே, வாடகை மட்டும் ஏன் குறையவில்லை?" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம், அதாவது ஒரு வருடத்தில் விலை ஏறின அளவு, 69.8 வீதம். அடுத்த வருடம் அதே செப்டெம்பரில் 1.3 வீதம். இதைக் கேட்டவுடன் சாமான் விலை பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். இல்லை. ஏறுகிற வேகம் மட்டும்தான் நின்றது, ஏறின விலை ஏறின இடத்திலேயே இருக்கிறது. வாடகையோ அந்த ஓட்டத்தில் பின்னால் வருவது. வாய்ப்பேச்சில் இரண்டு வருடத்துக்கு என்று முடித்த வீட்டுக்கு, அந்த இரண்டு வருடமும் முடிந்த பிறகுதான் வீட்டுக்காரர் கணக்குப் பார்க்கிறார். எல்லாம் ஓய்ந்தது என்று நாம் மூச்சுவிடும் நேரத்தில் வாடகை ஏறுவது அதனால்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். இது உதாரணத்துக்கு நான் வைக்கிற கணக்கு, உங்கள் வீட்டு எண்களைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கூலி வேலைக் குடும்பம். மாதம் 45,000 ரூபாய் வருகிறது என்று வைப்போம். வாடகை 10,000. வீட்டுக்காரர் 3,000 கூட்டுகிறார். இரண்டாவது, கணவனும் மனைவியும் அரச வேலை. கையில் வருவது 130,000, வாடகை 25,000, கூட்டுவது 7,000. மூன்றாவது, நல்ல சம்பளம் வாங்கும் ஒரு வைத்தியர் குடும்பம். 350,000 வருகிறது, வாடகை 50,000, கூட்டுவது 15,000. எண்ணை மட்டும் பார்த்தால் வைத்தியர் வீட்டுக்குத்தான் பெரிய அடி. கூட்டின வீதமும் மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் பழைய வாடகையோடு அரிசி, மீன், கரண்ட், பஸ், பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் போக என்ன மிஞ்சியது என்று பாருங்கள். கூலிக்காரர் வீட்டில் அந்தச் செலவு எவ்வளவு இறுக்கினாலும் 30,000 ஆகும். மிச்சம் 5,000. அதில் 3,000 இப்போது வாடகைக்குப் போகிறது. அரச வேலைக்காரர் வீட்டில் செலவும் லோன் கட்டுவதும் போக 35,000 மிஞ்சும் என்று வைத்தால், ஐந்தில் ஒரு பங்கு போகிறது. வைத்தியர் வீட்டில் எப்படியும் ஒரு லட்சத்துக்கு மேல் மிஞ்சும். 15,000 போனாலும் அடுப்படியில் ஒன்றும் மாறாது.

1868இலேயே பெர்லின் நகரப் புள்ளிவிபர அலுவலகத்தில் இருந்த ஹெர்மான் ஸ்வாபே என்பவர், வருமானம் குறையக் குறைய வாடகை தின்கிற பங்கு கூடும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லிவிட்டார். அமெரிக்காவில் வருமானத்தில் 30 வீதத்துக்கு மேல் வீட்டுக்குப் போனால் சுமை என்பார்கள். எனக்கு அந்த 30 வீதம் போதாது. மேலே சொன்ன கூலிக்காரர் 13,000 கட்டினாலும் 30 வீதத்தைத் தாண்டவில்லை. கணக்கில் அவருக்குப் பிரச்சினையே இல்லை. வீட்டிலோ ஒரு காய்ச்சலுக்கு மருந்து வாங்கக் காசில்லை. ஆகவே வாடகை எத்தனை வீதம் என்று கேட்காதீர்கள். கட்டினபிறகு கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

அந்த 45,000கூட வருடம் முழுக்க வருவதில்லை. மாரி தொடங்கினால் நம்முடைய பக்கம் கார்த்திகை, மார்கழியில் வெளி வேலை படுத்துவிடும். மேசன் வேலை இல்லை, கடலுக்குப் போகமுடியாது, வெள்ளம் வேறு. வாடகை மட்டும் மழை பார்த்து நிற்பதில்லை. அந்த இரண்டு மாதத்தில்தான் தோடு அடகுக்குப் போகிறது, நுண்கடன் எடுக்கிறார்கள். அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிப் பணம் கிடைக்கிற வறிய குடும்பத்துக்கு 2025இல் இருந்து மாதம் 10,000 ரூபாய். சாப்பாட்டுக்கும் பிள்ளைக்கும் என்று வருகிற அந்தக் காசு ஒரு கை மாறி வீட்டுக்காரரிடம் போய்விடுகிறது. தனியார் துறையின் ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரியில் 30,000 ஆனது, நல்லதுதான். ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டில் அதில் வாடகையும் கட்டி நாலு வயிற்றையும் நிரப்பமுடியாது.

நடுத்தரக் குடும்பம் பட்டினி கிடக்காது. அங்கே அடிபடுவது வேறு. மாதம் மாதம் சீட்டுக் கட்டி, மகளுக்கு ஒரு அறையும் குசினியும் என்றாலும் கட்டவேண்டும் என்று சேர்க்கிற காசுதான் குறைகிறது. மகளுக்கு வீடு இல்லையென்றால் கலியாணப் பேச்சே தள்ளிப்போகிற ஊர் இது. அந்தப் பழக்கம் சரியென்று நான் சொல்லவரவில்லை, அது மாறத்தான் வேண்டும். ஆனால் இன்றைக்கு 7,000 ரூபாய் கூடுவது ஒரு பெண்ணின் வாழ்க்கையை இரண்டு வருடம் தள்ளிவைக்கிறது என்பதும் உண்மை.

அப்புறம் ஒரு விஷயம், இதை யாரும் கவனிப்பதில்லை. வாடகை ஏறும்போது ஆட்கள் ஒரு படி கீழே இறங்குகிறார்கள். கல்லடியில் இருந்த அரச வேலைக்காரர் நாவற்குடாவில் சின்ன வீடு பார்க்கிறார். அந்தச் சின்ன வீட்டுக்கு அவர் தரும் காசைக் கண்டதும் அங்கே இருந்த ஓட்டோக்கார அண்ணனை எழும்பச் சொல்கிறார்கள். அவர் வவுணதீவுப் பக்கம் போனால் வாடகை குறையும், ஆனால் தினமும் வந்துபோகும் செலவு அதைத் தின்றுவிடும், பிள்ளையின் பள்ளிக்கூடமும் தூரமாகும். அவருக்குக் கீழே இருப்பவருக்கு இறங்கப் படியே இல்லை. தங்கச்சி வீட்டு விறாந்தையில் போய்ப் படுக்கவேண்டியதுதான்.

வீட்டுக்காரரை நான் குறைசொல்ல வரவில்லை. இங்கே வீட்டுக்காரர் என்றால் பத்து வீடு வைத்திருக்கும் முதலாளி என்று நினைக்காதீர்கள். பல இடத்தில் அது ஒரு அம்மா. கணவர் இல்லை, மகன் கட்டாரில் இருந்து அனுப்பின காசில் மேல்மாடி கட்டி, அதை வாடகைக்கு விட்டு மருந்து வாங்குகிறார். அப்படி ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: "மனே, எனக்கும் அதே கடையில்தானே சாமான்." அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் வருமானமும் அந்த மேல்மாடியில்தான் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்றால், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் என்று ஒன்று வந்தது. பின்னால் வந்த திருத்தங்களில் பல வீடுகள் அதற்கு வெளியே போய்விட்டன. ஆகவே எழுத்துதான் பாதுகாப்பு. எவ்வளவு வாடகை, எத்தனை மாதத்துக்கு, அதற்குப் பிறகு எவ்வளவு கூட்டலாம், எழும்புவதற்கு எத்தனை மாதம் முன்னால் சொல்லவேண்டும், அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்று எழுதிக் கையெழுத்து வையுங்கள். சொந்தக்காரர் வீடு என்றாலும் வையுங்கள். காசு கட்டினால் ஒரு பற்றுச்சீட்டு வாங்குங்கள். அட்வான்ஸ் தகராறு வந்தால் சண்டைக்குப் போகாமல் மத்தியஸ்த சபையில் விசாரியுங்கள்.

வீட்டுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். கூட்டவேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மாரியில் கூட்டாதீர்கள். வேளாண்மை வெட்டு முடிந்து, கூலி கிடைத்து, ஊரில் காசு புழங்கத் தொடங்குவது பங்குனியில். மார்கழியில் சொல்லுங்கள், பங்குனியில் இருந்து வாங்குங்கள். மூன்று மாதம் கிடைத்தால் அந்த அண்ணன் எங்கேயாவது மேலதிகமாக ஒரு வேலை பார்த்துக்கொள்வார், அந்தத் தோடும் அடகுக்குப் போகாது.