மொறிஸ் மைனரின் ஹாண்ட்பிறேக்

நேயர்களுக்கு வணக்கம். 1948ஆம் ஆண்டிலிருந்து 1971 வரை இங்கிலாந்தில் 16 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் கார், இலங்கையின் வீதிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை வாங்கிப் புதுப்பிப்பவர்கள் எஞ்சினுக்கும் பெயின்டுக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, நிறுத்தும்போது பின்சில்லுக்கு ஒரு கல்லை முண்டு கொடுத்துவிட்டுப் போவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் காரின் கால்பிறேக்குக்கு ஒரே எண்ணெய்த் தொகுதிதான். ஓரிடத்தில் குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் கைவிட்டுவிடும், எஞ்சுவது, பின்சில்லுகளைக் கேபிளால் இழுத்துப் பிடிக்கும் ஹாண்ட்பிறேக் மட்டுமே.

ஹாண்ட்பிறேக் பிடிக்காவிட்டால் கேபிள் இழுபட்டு நீண்டுவிட்டது என்று முடிவுகட்டி, லீவரின் அடியிலுள்ள நட்டுகளை இறுக்குவதே நம்மிடையே வழக்கம். ஆனால் குறை பெரும்பாலும் சில்லோடு சுழலும் பிறேக் கூடான றம்முக்குள்தான் இருக்கும். பின்சில்லின் சிலிண்டர் தன் தகட்டிலுள்ள துவாரத்தில் நகர்ந்து கொடுத்தால்தான் றம்மை உள்ளிருந்து பிடிக்கும் இரண்டு பிறேக் சப்பாத்துகளும் சமமாக அழுத்தும். துருவேறி இறுகிய சிலிண்டரை வைத்துக்கொண்டு எத்தனை புதுக் கேபிள் போட்டாலும் பயனில்லை. (சப்பாத்துகளின் மேலுள்ள தேயும் பட்டையான பழைய லைனிங்கின் தூசியில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும், அதை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.)

சென்ற ஆண்டு நான் கழற்றிய ஒரு மைனரில், கேபிளின் நுனியைச் சில்லுப் பக்க லீவரோடு இணைக்கும் கிளெவிஸ் பின், நடுவில் தேய்ந்து உடுக்கையின் இடைபோல் ஒடுங்கியிருந்தது. அது கோத்திருந்த துளையும் நீள்வட்டமாகிவிட்டிருந்தது. ஹாண்ட்பிறேக் லீவரை இழுத்த இழுப்பில் பாதி அந்த இடைவெளியிலேயே வீணாகிப் போயிருக்கிறது. எனவே கேபிள் வாங்கும்போதே கிளெவிஸ் பின்னையும், சில்லுப் பக்க லீவர் வெளிவரும் இடத்து றப்பர் உறையையும் வாங்கிவிடுங்கள்.

கேபிள்களை இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்றுங்கள். மாட்டுவதற்கு முன் பழையதன் அருகில் கிடத்தி நீளம் பாருங்கள். மைனருக்குரியது என்று சொல்லி எனக்கு விற்கப்பட்ட ஒரு கேபிள் இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தது.

சரிசெய்யும் ஒழுங்கும் முக்கியம். முன்சில்லுகளுக்கு முண்டு கொடுத்து, பின்பக்கத்தை உயர்த்தித் தாங்கிகளில் நிறுத்தி, ஹாண்ட்பிறேக்கை முழுதாக விடுவித்த பிறகு, றம்மின் துளைவழியே, சப்பாத்துகளின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்ரரைச் சில்லு பூட்டும்வரை திருப்பி, பிறகு சில்லு தடையின்றிச் சுழலுமளவு அதை எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். அதன்பின்னரே ஹாண்ட்பிறேக் லீவரை மூன்றாம் பல்லுக்கு உயர்த்தி அதன் அடியிலுள்ள நட்டுகளைத் தொடுங்கள். இரு சில்லுகளும் கையின் முழுப்பலத்துக்கு மட்டும், ஒரேயளவு கனத்தோடு அசைந்தால் போதும். கடைசியாகக் கிளெவிஸ் பின் கழன்று விழாமல் தடுக்கும் பிளவு ஊசியைப் புதிதாகப் போடுங்கள்; கழற்றிய பழையதை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள்.