அண்டாவில் மிஞ்சியது
(பெங்களூரு அல்சூரில் தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அன்பர்களே, வணக்கம்.

தை பிறந்துவிட்டால் இந்த ஊரில் நம்மவர் வீட்டுக் கல்யாணங்கள் வரிசைகட்டி வரும். பந்தி முடிந்த பிறகு மண்டபத்துச் சமையற்கட்டில் நடப்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

இலையில் கைபட்டு மிஞ்சியது எச்சில். அது ஈரக் கழிவாகி எருவுக்குப் போகட்டும். அண்டாவில் யார் கையும் படாமல் இருப்பது இன்னமும் சாப்பாடுதான். இரண்டையும் ஒரே டிரம்மில் கொட்டுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த டிரம் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறோமா? இந்த நகரின் குப்பை பல ஆண்டுகள் மாவள்ளிபுராவுக்கும் மண்டூருக்கும் போனது. நாற்றம் தாங்காமல் அந்தக் கிராமத்து மக்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2014இல்தான் மண்டூரில் கொட்டுவது நின்றது. குப்பை நாறியது பிளாஸ்டிக்கால் அல்ல. அழுகிய சோற்றாலும் காய்கறியாலும்.

சரி, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்பீர்கள். கொடுப்பதிலும் பொறுப்பு வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்றொரு பாக்டீரியா அரிசியில் இருக்கும். அதன் வித்துகள் உலையில் கொதித்தும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அப்போது உண்டாகும் நஞ்சு வாந்தியைக் கொண்டுவரும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆகவே சோறும் சாம்பாரும் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக, மூடியே இருக்க வேண்டும். ஆறத் தொடங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். தேங்காய்ச் சட்னியைக் கொடுக்கவே வேண்டாம், சீக்கிரம் ஊசிப்போகும். மதியம் வடித்த சோற்றை இரவு பத்து மணிக்கு நினைவு வந்து அனுப்புவதைத் தானம் என்று நான் சொல்ல மாட்டேன்.

வழி இல்லாமல் இல்லை. மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2019இல் விதிமுறைகளை வெளியிட்டது. மிஞ்சிய உணவை வாங்கிப் பசித்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் அமைப்பு ராபின் ஹூட் ஆர்மி. 2014இல் தில்லியில் தொடங்கிய அதன் தன்னார்வலர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

வேண்டியது முன்யோசனை. சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே, மூடியோடு கூடிய சுத்தமான பாத்திரங்களைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லிவிடுங்கள். கடைசிப் பந்தி உட்காரும்போதே தன்னார்வலர்களை அழைத்துவிட வேண்டும்; இலை எடுத்த பிறகு அழைத்தால் நேரம் போய்விடும். கல்யாண அமளியில் பெற்றவர்களுக்கு இது நினைவிருக்காது. மாப்பிள்ளையின் சித்தப்பாவோ பெண்ணின் மாமாவோ, ஒருவரிடம் இந்த ஒரு வேலையை மட்டும் ஒப்படையுங்கள்.