டைனர்ல காபி கப் ஏன் காலியாகுறதே இல்ல?

[காட்சி: மேசையில் கவிழ்த்த மக். ஒரு கை நிமிர்த்துகிறது.]

பழைய அமெரிக்க டைனர் பலதுல, அதாவது சாதாரண சின்ன ஹோட்டல்கள்ல, மக்கைக் கவிழ்த்து வெச்சிருப்பாங்க. உட்கார்ந்ததும் நிமிர்த்தி வெச்சா போதும், காபி வேணும்னு அர்த்தம். காசு ஒரு தடவைதான். எத்தனை முறை ஊத்தினாலும் அதே பில். அந்த மறு ஊத்தலுக்காகவே மத்ததெல்லாம் அமைஞ்சிருக்கு.

[காட்சி: டிரிப் மெஷின் (தூள்மேல் வெந்நீர் சொட்டிக் காபி இறங்கும் இயந்திரம்), கண்ணாடிக் குடுவை]

குடுவை கிட்டத்தட்ட 1.9 லிட்டர் பிடிக்கும். அதுக்குத் தூள் பல கடைகள்ல 60, 70 கிராம்தான். தரமான காபிக்குன்னே இருக்கிற ஸ்பெஷாலிட்டி கடைக்காரர் இதே தண்ணிக்கு 100 கிராமுக்கு மேல போடுவார். காபி லேசா இருக்குன்னு குறை சொல்றவங்க இதை யோசிக்கணும்: திக்கா இருந்தா மூணாவது கப் இறங்காது. தண்ணி 92-லிருந்து 96 டிகிரிக்குள்ள இருக்கணும். குறைஞ்சா புளிப்பும் சப்பையும்தான் மிஞ்சும்.

[காட்சி: சூடு தட்டில் குடுவை, அடியில் கொஞ்சம் காபி]

காபி கெடுறது இங்கதான். தட்டுமேல அரை மணி நேரம் தாண்டினா தண்ணி ஆவியாகும், காபியில இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் உடைஞ்சு குயினிக் அமிலமா மாறும். நாக்கை இழுக்கிற அந்தக் கசப்பு அதுதான். அடியில ரெண்டு கப் மிச்சம் இருந்தாலும் கொட்டிட்டுப் புதுசா போடணும். மனசு வராது, ஆனா வேற வழி இல்ல.

[காட்சி: இரண்டு கையிலும் குடுவை]

ஆரஞ்சு கைப்பிடின்னா டிகாஃப், அதாவது கஃபீன் எடுத்தது. சாங்காங்கிற டிகாஃப் பிராண்டோட நிறம் அப்படியே நிலைச்சுப் போச்சு. அவசரத்துல சாதாரண காபியை அதுல பிடிச்சுடவே கூடாது. டாக்டர் சொல்லி கஃபீனை விட்டவங்க நிறத்தை நம்பித்தான் குடிக்கிறாங்க.

ஊத்தும்போது மேல ஒரு விரல் இடம் விடணும், கிரீமுக்கு. பாதி குடிச்ச கப்புல கேட்காம ஊத்தாதீங்க. கிரீமும் சர்க்கரையும் தன் ருசிக்குக் கலந்து வெச்சவருக்கு அந்தக் கணக்கே போயிடும். தடிமனான மக் சீக்கிரம் ஆறாது. ஆனா சில்லுனு இருந்தா முதல்ல ஊத்தின காபியோட சூட்டை அதுவே இழுத்துக்கும்.

[காட்சி: குடுவைக்குள் ஐஸ் சுழல்கிறது]

ராத்திரி குடுவைக் கறைக்கு ஐஸ், கல் உப்பு, எலுமிச்சைத் துண்டு, கொஞ்சம் தண்ணி. நல்லா சுழட்டினா கறை விட்டுடும். குடுவை முழுசா ஆறின பிறகுதான் ஐஸ் போடணும். சூட்டோட போட்டா கண்ணாடி விரிசல் விடும்.