தோளில் நட்சத்திரம் ஏறிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

படைப்பணிக்குப் போக நினைக்கிற பெண் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "எப்படிச் சேருவது?" சேருவதற்கான வழி இன்று நன்றாகவே திறந்திருக்கிறது. பத்தாம் ஆண்டிலும் இருபதாம் ஆண்டிலும் அந்தப் பெண் எந்த இடத்தில் இருப்பாள் என்று கேட்பவர்கள்தான் குறைவு. இன்று அதைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

வழிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பை ஒட்டி, பதினாறரையிலிருந்து பத்தொன்பதரை வயதுக்குள் என்.டி.ஏ. எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான தேர்வு எழுதலாம். கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத் திறன் தாளுக்கு 600. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். 2021இல் உச்ச நீதிமன்றம் பெண்களுக்குத் திறந்துவிட்ட வழி இது. அதன்படி சேர்ந்த முதல் அணியில் 17 பெண்கள் 2025 மே 30 அன்று பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பட்டதாரிகளுக்கு, முப்படை அதிகாரிப் பணிக்கான சி.டி.எஸ். தேர்வு இருக்கிறது. அதில் சென்னைப் பரங்கிமலை பயிற்சி அகாடமிக்கு எழுதுகிறவர்களுக்குக் கணிதத் தாள் கிடையாது. ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும். தேசிய மாணவர் படையான என்.சி.சி.யில் 'சி' சான்றிதழைக் குறைந்தது 'பி' கிரேடில் வாங்கி, பட்டப்படிப்பில் 50 சதவீதம் எடுத்தவர்களுக்கு எழுத்துத் தேர்வே இல்லை, நேரே எஸ்.எஸ்.பி. என்கிற ஆளுமைத் தேர்வுதான். பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் பலர் இதை இரண்டாம் ஆண்டில்தான் கேள்விப்படுகிறார்கள். அப்போது 'சி' சான்றிதழுக்கு நாள் போதாது. கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே என்.சி.சி. அறைக்குப் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும்.

செவிலியர் படிப்புக்கு நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் போகிறார்கள். ராணுவ செவிலியர் கல்லூரிகளில் நீட் வழியாக பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தால், படிப்பு முடிந்ததும் லெப்டினன்ட் பதவியில் அதிகாரியாகவே பணி தொடங்குகிறது. இதைப் பெற்றோர் பலர் அறிந்திருக்கவில்லை.

"பட்டாளத்துக்குப் போனா எவன்டி கெட்டுவான்?" என்று கேட்கிற ஆச்சிமாருக்கும் ஒரு பதில் சொல்லவேண்டும். பயிற்சி முடியும்வரை திருமணம் செய்யக்கூடாது என்பது விதி. பரங்கிமலையில் அது 49 வாரம். அதற்குப் பிறகு தடையில்லை.

உடம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பயிற்சியில் பெண்கள் அதிகமாக விழுந்து போவது கால் எலும்பு விரிசலில்தான். இதுவரை ஓடாதவர்கள் தேர்வுக் கடிதம் வந்ததும் தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடத் தொடங்குகிறார்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு, கனமான புது பூட்ஸ், திடீர்ப் பளு மூன்றும் சேர்ந்தால் முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிர்க்கோடு விழும். அப்படியானால் சில வாரம் ஓய்வு, பிறகு அடுத்த அணிக்குத் தள்ளப்படும் நிலையும் வரலாம். ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை செய்து, ஹீமோகுளோபின் 12க்குக் கீழ் இருந்தால் சரிசெய்துகொண்டு ஓடத் தொடங்குங்கள். வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதீர்கள். 400 மீட்டர் பாதையில் 6 சுற்று என்பது 2.4 கிலோமீட்டர். அதை 15 நிமிடத்துக்குள் ஓடுகிற நிலைக்கு ஆறு மாதத்தில் வந்துவிடலாம்.

இனி எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். படம் பார்த்துக் கதை எழுதுவது, 15 விநாடிக்கு ஒரு சொல் வீதம் 60 சொல்லுக்கு வாக்கியம் எழுதுவது, நேர்காணல், மைதானச் சோதனைகள் என்று பல உண்டு. எல்லாவற்றையும் விரிக்க நேரமில்லை. நம்ம ஊர்ப் பிள்ளைகள் தடுக்கி விழுகிற ஒரு சோதனையை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். அதன் பெயர் கமாண்ட் டாஸ்க்.

மைதானத்தில் ஒரு தடை இருக்கும். பலகை ஒன்று, நீளக் கட்டை ஒன்று, கயிறு ஒன்று தருவார்கள். தேர்வுக்கு வந்த பெண்தான் தலைவி. குழுவிலிருந்து இரண்டு பேரைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம். சிவப்பு வண்ணம் அடித்த இடத்தைத் தொடக்கூடாது. நான்கு அடிக்கு மேற்பட்ட இடைவெளியைத் தாண்டக்கூடாது, பாலம் போட்டுத்தான் கடக்கவேண்டும். பலகையையும் கட்டையையும் சேர்த்துக் கட்டி நீளமாக்கக்கூடாது. இவ்வளவுதான் விதி.

பெண் என்ன செய்கிறாள்? ஓடிப்போய்த் தானே பலகையைத் தூக்குகிறாள், தானே கயிற்றைக் கட்டுகிறாள். துணைக்கு வந்த இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். தடையைக் கடந்தும் விடுகிறாள். ஆனால் மதிப்பெண் வராது. தேர்வு அதிகாரி பார்க்க விரும்பியது அவள் கை வேலையை அல்ல. மற்ற இரண்டு பேரை அவள் எப்படி நடத்துகிறாள் என்பதை.

இதற்கான காரணம் நம் வீடுகளில் இருக்கிறது என்பது என் கருத்து. பெண் பிள்ளையைக் கெட்டிக்காரியாக வளர்க்கிறோம். குழம்பு வைப்பாள், தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள், விருந்தாள் வந்தால் ஒற்றை ஆளாகச் சமாளிப்பாள். எல்லாம் தன் கையால். நாலு பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, நின்று கவனித்து, முடித்து வாங்குகிற பழக்கம் அவளுக்கு வாய்ப்பதில்லை. அண்ணன்மார் அதை ஊர்க் கோயில் கொடையில், பந்தல் வேலையில், கிரிக்கெட் அணியில் பழகிவிடுகிறார்கள்.

சரியாகச் செய்வது எப்படி? முதல் இரண்டு நிமிடம் பலகையைத் தொடாமல் தடையைச் சுற்றி வந்து பார்க்கவேண்டும். துணைக்குக் கூப்பிடும்போது தோழியைக் கூப்பிடாமல், அந்த வேலைக்கு ஏற்ற உயரமும் பலமும் உள்ளவரைக் கூப்பிடவேண்டும். பிறகு அவர்களை நிறுத்தித் திட்டத்தைச் சொல்லவேண்டும்: எங்கே போகிறோம், எது தொடக்கூடாத இடம், முதலில் யார், எந்த நுனியை யார் பிடிப்பது. "நீங்கள் பலகையின் இந்த முனையில் உட்காருங்கள், நான் சொன்ன பிறகு எழுந்திருங்கள்" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லவேண்டும். "யாராவது பிடிங்களேன்" என்றால் யாரும் பிடிக்கமாட்டார்கள். திட்டம் பலிக்கவில்லையென்றால் நிறுத்தி, மாற்றிச் சொல்லி, மறுபடி தொடங்கலாம். அதற்கு மதிப்பெண் குறையாது. பயந்துபோய்க் குரல் உள்ளே போய்விட்டால்தான் குறையும். கல்லூரியில் என்.சி.சி. முகாமில் கூடாரம் அடிக்கும்போது, நாட்டு நலப்பணித் திட்டத்தில் கண்மாய்க்கரை சுத்தம் செய்யும்போது, பத்துப் பேரை நடத்தும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். இதற்கு வேறு பயிற்சி தேவையில்லை.

பயிற்சி முடிந்து படைப்பிரிவில் சேர்ந்தால் சோதனை அதேதான், களம்தான் பெரிது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கீழே முப்பது நாற்பது ஜவான்கள். அவர்களுக்கு மேலே, அவளுக்குக் கீழே, இருபது ஆண்டுக்கு மேல் பணி செய்த சுபேதார். அவரை 'சாப்' என்று மரியாதையாக அழைப்பது வழக்கம். வந்த புதிதில் அவரிடம் கேட்டுக் கேட்டுச் செய்வதில் குறைவொன்றும் இல்லை. முடிவு சொல்வதையும் அவரிடமே விட்டுவிட்டால் மட்டும் ஜவான்கள் அதிகாரியைத் தாண்டி அவரிடம் போகத் தொடங்குவார்கள். முதல் மாதத்திலேயே ஒவ்வொரு ஜவானின் பெயர், ஊர், குடும்பநிலை, நிலுவையில் உள்ள விடுப்பு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். காலை உடற்பயிற்சி, மாலை விளையாட்டு, இரவு ஆஜர் மூன்றிலும் நிற்கவேண்டும். இந்தி பேசத் தெரியாதவர்கள் பயிற்சிக்குப் போகும் முன்பே பேசப் பழகிவிடுங்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படை போன்ற பிரிவுகளில் தமிழ் உதவும். மற்ற இடங்களில் பேச்சுத் தயக்கத்தைத் திறமைக் குறைவாக எண்ணிவிடுவார்கள்.

பதவி உயர்வுக்கு வருவோம். இரண்டு ஆண்டில் கேப்டன், ஆறு ஆண்டில் மேஜர், பதின்மூன்று ஆண்டில் லெப்டினன்ட் கர்னல். இவை காலக்கணக்கில் வருபவை. அதற்கு மேலே கர்னல் என்பது தேர்வுக் குழு கையில். அந்தக் குழு பார்ப்பது பெரும்பாலும் ஆண்டுதோறும் எழுதப்படும் ரகசிய அறிக்கையை, ஏ.சி.ஆர். என்பார்களே அதை. மூன்று மேலதிகாரிகள் ஒன்பது மதிப்பெண் அளவில் எழுதுவார்கள். எல்லா ஆண்டின் அறிக்கைக்கும் ஒரே எடை இல்லை. கம்பெனி என்கிற படைப்பிரிவை நேரடியாக நடத்துகிற பதவியில் இருந்து வாங்கிய அறிக்கைக்குத்தான் கனம் அதிகம்.

பெண் அதிகாரிகளுக்கு இங்கேதான் நஷ்டம் வந்தது. விழா வந்தால் தொகுப்பாளர், குடும்ப நலக்கூட்டம் வந்தால் பொறுப்பாளர். அழகாகச் செய்துமுடிப்பார்கள், எல்லோரும் பாராட்டுவார்கள். அந்த நேரத்தில் கம்பெனிப் பொறுப்பு வேறொருவருக்குப் போயிருக்கும்.

1992இல் செவிலியர், மருத்துவர் அல்லாத பிரிவுகளில் பெண்கள் சேரத் தொடங்கியபோது அது சில ஆண்டுப் பணி மட்டுமே. நீடிக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தோடு எழுதப்பட்ட அறிக்கைகள் ஏனோதானோவென்று இருந்தன. 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் பத்துப் பிரிவுகளில் பெண்களுக்கு நிரந்தரப் பணி கொடுக்கவும், அலுவலகப் பதவியோடு நிறுத்தாமல் படைப்பிரிவை நடத்தும் பதவிக்கும் அவர்களைப் பரிசீலிக்கவும் உத்தரவிட்டது. அதன்பின் நடந்த தேர்வில் அந்தப் பழைய அறிக்கைகளையே எடைபோட்டுப் பலரை ஒதுக்கினார்கள். 2021 மார்ச் 25 தீர்ப்பில் நீதிமன்றம் அதை மறைமுகப் பாகுபாடு என்றே சொன்னது. 2023 ஜனவரியில் 108 கர்னல் இடங்களுக்கு 244 பெண் அதிகாரிகளைப் பரிசீலித்தது அந்த நெடும் போராட்டத்தின் பலன். அதே ஆண்டு ஏப்ரலில் பீரங்கிப் படைக்கும் ஐந்து பெண்கள் பரங்கிமலையிலிருந்து போனார்கள். காலாட்படை, டாங்கிப் படை வாசல்கள் இன்னும் மூடித்தான் இருக்கின்றன. அவையும் திறக்கவேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம்.

சட்டம் வாசலைத் திறந்துவிட்டது. இனி அன்றாடம் செய்யவேண்டியவை அதிகாரியின் கையில் இருக்கின்றன. செய்த வேலையைத் தேதியோடு எழுதி வைக்கவேண்டும்: எத்தனை வாகனம், எத்தனை நாள் பயிற்சி, என்ன முடிவு. அறிக்கை எழுதும் நாளில் மேலதிகாரிக்குப் பதினொரு மாதத்துக்கு முந்தைய வேலை நினைவில் இருக்காது. அந்த மூன்று மேலதிகாரிகளில் முதலாமவர் எழுதிய பகுதியைக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. வார்த்தை இனிப்பாக இருக்கும், மதிப்பெண் ஒன்பதுக்கு ஏழாக இருக்கும். அநியாயம் என்று தோன்றினால் முறைப்படி மனு கொடுக்க வழி உண்டு. அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையிலேயே இருக்கிறது.

படிப்புகளையும் தள்ளிப்போடக்கூடாது. மத்தியப் பிரதேசத்தின் மாவ் நகரில் நடக்கும் ஜூனியர் கமாண்ட் படிப்பு, கம்பெனியை நடத்துவதற்கான அடிப்படை. அதைத் தாண்டி நீலகிரி வெலிங்டனில் உள்ள ஸ்டாஃப் காலேஜ், அதாவது அதிகாரிகளுக்கான உயர்நிலைப் பயிற்சிக் கல்லூரி. போட்டித் தேர்வு எழுதித்தான் போகவேண்டும். தரைப்படைப் பெண் அதிகாரிகள் அந்தத் தேர்வில் முதன்முறையாகத் தேறியது 2022இல்தான். போர்த்தந்திரம், போர் வரலாறு, சட்டம், நிர்வாகம், நடப்புச் செய்தி என்று பரந்த பாடம். பணியோடு சேர்த்து ஓராண்டாவது படிக்கவேண்டும்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் படிப்புகளும் கம்பெனிப் பொறுப்பும் வருகிற ஆண்டுகள்தான் பிள்ளை பெறுகிற ஆண்டுகளும். மகப்பேறு விடுப்பு 180 நாள். கோப்பில் பதியப்படும் மருத்துவ உடல்தரம் தற்காலிகமாகக் கீழே இறங்கும். குழந்தை பிறந்த பிறகு மருத்துவ வாரியத்தில் மறுபரிசோதனைக்குப் போய் உயர்த்தி வாங்காமல் விட்டால், பழைய தரமே கோப்பில் கிடந்து படிப்பையும் நிரந்தரப் பணியையும் தடுக்கும். மறுபரிசோதனைத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். படிப்புக்குப் பெயர் வரும்போது "பிள்ளை சின்னது" என்று தானாகவே விலகிக்கொள்ளாமல், அடுத்த அணிக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

குடும்பம் உதவ வேண்டியது இந்த இடத்தில்தான். மருமகள் சில மாதம் மாவ் நகரிலோ வெலிங்டனிலோ படிக்கும்போது பேரப்பிள்ளையைப் பாளையங்கோட்டையில் வைத்துப் பார்த்துக்கொள்ள மாமியாரும் அம்மாவும் முன்கூட்டியே பேசி முடிவெடுத்தால் ஒரு பதவி உயர்வே காப்பாற்றப்படும். பெண் கேட்டு வரும் வீட்டாரிடம் இதைச் சம்பந்தம் பேசும்போதே சொல்லிவிடுவது நல்லது.

குறுகியகாலப் பணியில் பத்தாம் ஆண்டோ பதினான்காம் ஆண்டோ வெளியே வருகிறவர்களுக்கு ஓய்வூதியம் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கென்று படைவீரர் மறுவாழ்வு இயக்குநரகம் ஐ.ஐ.எம். போன்ற நிறுவனங்களில் 24 வார மேலாண்மைப் படிப்பு நடத்துகிறது. வெளியே வரும் தேதி தெரிந்த உடனே அதற்கு விண்ணப்பித்துவிட வேண்டும். வணக்கம்.